அந்நிய முதலாளியும் உள்நாட்டுச் சட்டமும்

வேலை செய்கிறவருக்கு எந்தத் தேசத்தின் சட்டம் துணை நிற்க வேண்டும்? அவர் உழைக்கும் தேசத்தின் சட்டமா, அல்லது அவருக்குச் சம்பளம் அனுப்புகிறவர் வசிக்கும் தேசத்தின் சட்டமா? முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஊரில் இருந்த காலத்தில் இக்கேள்விக்கு இடமே இருக்கவில்லை. இன்று இடம் ஏற்பட்டிருக்கிறது. நமது வாலிபர்கள் பலருடைய ஜீவனமும் இதன் விடையைப் பொறுத்து நிற்கிறது. ஆகையால் இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தை ஒளிவு மறைவின்றி வெளியிடுவது அவசியமெனக் கருதுகிறோம்.

சென்னையிலும் கோயமுத்தூரிலும் மதுரையிலும் தத்தம் வீட்டு அறையிலே உட்கார்ந்தபடி கலிபோர்னியாவிலும் லண்டனிலும் பெர்லினிலும் உள்ள கம்பெனிகளுக்கு உழைக்கும் ஆண்களும் பெண்களும் இன்று அநேகர். இக்கம்பெனிகளில் பலவற்றுக்கு நமது நாட்டில் ஆபீஸ் இல்லை. பெயர்ப் பலகை இல்லை. நோட்டீஸ் அனுப்புவதற்கு ஒரு விலாசங்கூட இல்லை. ஊழியருடன் அவை செய்துகொள்ளும் ஒப்பந்தத்திற்கு, ‘சுயேச்சை ஆலோசகர் ஒப்பந்தம்’ என்று பெயர். ‘இவர் கம்பெனியின் ஊழியர் அல்லர், இவ்வொப்பந்தம் டெலவேர் ராஜ்யத்தின் சட்டத்துக்கு உட்பட்டது, எந்த நேரத்திலும் எந்தக் காரணமும் கூறாமல் இதை முடித்துக் கொள்ளலாம்’ என்று அதிலே ஷரத்துக்கள் காணப்படும். ஆனால் காலையில் எத்தனை மணிக்கு வேலையைத் தொடங்குவது, எந்த நாளில் விடுமுறை எடுப்பது, எந்தக் கருவியைக் கொண்டு வேலை செய்வது, யாருக்குக் கணக்குக் கொடுப்பது என்பனவற்றையெல்லாம் அக்கம்பெனியே நிர்ணயிக்கிறது. வேறெவருக்கும் வேலை செய்யலாகாது என்றும் அதுவே விதிக்கிறது. அதிகாரம் முழுவதும் வேண்டும், பொறுப்பு மட்டும் வேண்டாம் என்பது கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்ற கதையாக இருக்கிறது.

பழைய பாடம்

கடலுக்கு அப்பாலுள்ள முதலாளியிடம் வேலை செய்வது தமிழருக்குப் புதிதன்று. அந்நாளில் தொழிலாளி கடலைக் கடந்து சென்றார். இந்நாளில் சம்பளம் கடலைக் கடந்து வருகிறது. அந்நாளைய அநுபவம் நமக்கு ஒரு பாடத்தை விட்டுச் சென்றிருக்கிறது. நெட்டாலுக்கும் பிஜிக்கும் மொரீஷியஸுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ இட்டது இந்தியாவில். உழைத்தது வேற்று நாட்டில். ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுச் சென்றால், அது சாதாரண வழக்காகக் கருதப்படாமல், சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகக் கருதப்பட்டது. 1894-ம் வருஷத்தில், தர்பன் நகரில் எஜமானனிடம் அடிபட்டு முன்பற்கள் உடைந்து இரத்தம் சொரிய, தலைப்பாகையைக் கையில் ஏந்திக்கொண்டு காந்தியடிகளிடம் வந்து நின்ற பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளியை நமது நேயர்கள் அறிவார்கள். அன்று காந்தியடிகள் அவரை அடிமைத்தளையிலிருந்து அடியோடு விடுவிக்க முடியவில்லை. ஒப்பந்தத்தை வேறொரு எஜமானனுக்கு மாற்றிக் கொடுப்பதற்கே சட்டத்தில் வழி இருந்தது.

பின்னர் தேசமெங்கும் எழுந்த கிளர்ச்சியின் பயனாக 1917-ல் ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது நிறுத்தப்பட்டது. 1922-ல் இந்தியக் குடியேற்றச் சட்டம் இயற்றப்பட்டு, தேர்ச்சியற்ற தொழிலாளரை அயல்நாட்டு வேலைக்குத் திரட்டுவது சர்க்காரின் மேற்பார்வைக்குள் கொண்டுவரப்பட்டது. அக்காலத்துக் கரும்புத் தோட்டத்தையும் இக்காலத்துக் கம்ப்யூட்டர் வேலையையும் ஒன்றெனக் கூறுவது நமது நோக்கமன்று. துன்பத்தின் அளவில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. ஆனால், வேலை கொடுப்பவர் ஒரு தேசத்திலும் வேலை செய்பவர் மற்றொரு தேசத்திலும் இருக்கும்போது, எந்தச் சட்டத்துக்கும் முழுதும் உட்படாத ஓர் இடைவெளி உண்டாகிறது என்பதும், அந்த இடைவெளியிலே பலவீனமான கட்சிக்காரரே விழுகிறார் என்பதும் அன்றும் உண்மை, இன்றும் உண்மை.

காகிதமும் உண்மையும்

‘ஊழியர் அல்லர் என்று அவரே கையெழுத்திட்டிருக்கிறாரே, பிறகு என்ன வழக்கு?’ என்று சிலர் கேட்கலாம். காகிதத்தில் எழுதியிருப்பது முடிவான விஷயமன்று. உண்மையில் நடப்பது எது என்பதையே பார்க்க வேண்டும் என்பது நமது நியாயஸ்தலங்களின் நெடுநாளைய கொள்கை. 1956-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்த தாராங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கை இங்கே நினைவுகூர்வது பொருத்தமாகும். சௌராஷ்டிரத்தின் உப்பளங்களிலே உப்பு விளைவித்த அகரியாக்கள் என்போர், விளைந்த உப்பின் அளவுக்கு ஏற்பக் கூலி பெற்றார்கள். வேலை நேரத்துக்குக் கட்டுப்பாடில்லை. தமக்கு உதவியாக வேறு ஆட்களை வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. ஆகவே அவர்கள் சுயேச்சைக் காண்டிராக்டர்களே என்று கம்பெனி வாதித்தது. ஆயினும், வேலை நடைபெறும் முறையைக் கம்பெனியே ஆதியோடந்தமாக மேற்பார்வை செய்து வந்ததை எடுத்துக்காட்டி, அவர்கள் தொழிலாளிகளே என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்மானித்தது.

1978-ல் கேரளத்துக் கயிற்றுத் தொழிற்சாலையொன்றின் வழக்கிலே நீதிபதி கிருஷ்ணய்யர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். தொழிற்சாலைக்கும் தொழிலாளிக்கும் இடையே காண்டிராக்டர் ஒருவர் நின்றபோதிலும், தொழிலாளியின் பிழைப்பு யாருடைய கையில் இருக்கிறதோ அவரே உண்மை முதலாளி என்பது அத்தீர்ப்பின் சாரம். சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் 2006-ல் நிறைவேற்றிய 198-ம் சிபார்சில் இதே கொள்கையை ஏற்றுக்கொண்டது. 2021 பிப்ரவரியில் பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட்டு, ஊபர் கம்பெனியின் வழக்கில், வாகனம் ஓட்டுவோர் சுயேச்சைக் காண்டிராக்டர்கள் அல்லர், சட்டப்படி தொழிலாளர் உரிமை பெற்றவர்களே என்று கூறிற்று. அவ்வழக்கில் பிரதிவாதிகளாக நின்றவற்றுள் நெதர்லாந்தில் பதிவான ஒரு கம்பெனியும் இருந்தது. வேற்று நாட்டுக் கம்பெனி என்ற காரணத்தால் லண்டன் தெருவில் ஓடும் வண்டிக்கு லண்டன் சட்டம் பொருந்தாமற் போய்விடவில்லை.

நமது சட்டம் கூறுவது யாது?

நமது மாகாணத்துக் கடைகள், ஸ்தாபனங்கள் சட்டம் 1947-ல் இயற்றப்பட்டது. இன்றும் அமுலில் இருக்கிறது. அதன் 41-வது பிரிவு, தொடர்ந்து ஆறு மாதத்திற்குக் குறையாமல் வேலை செய்த ஒருவரை, நியாயமான காரணமின்றியும், ஒரு மாத நோட்டீஸோ அதற்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளமோ கொடாமலும் நீக்கலாகாது என்று விதிக்கிறது. தவறான நடத்தை காரணமாக நோட்டீஸின்றி நீக்குவதானால், அதற்காக நடத்திய விசாரணையில் சாட்சியம் பதிவாகியிருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் அப்பீல் செய்துகொள்ளலாம். அமெரிக்காவின் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே மாண்டானா என்ற ஒரே ராஜ்யத்தைத் தவிர மற்றெல்லா ராஜ்யங்களிலும், காரணம் கூறாமல் நினைத்தபோது வேலையிலிருந்து நீக்குவதே பொது விதி. அந்தப் பழக்கத்திலே ஊறிய கம்பெனி, தன் ஊர் ஒப்பந்தத்தை அப்படியே பிரதி எடுத்து நமது நாட்டுக்கு அனுப்பி வைக்கிறது. அதைக் கண்டு மருண்டு, தமக்குச் சட்டமே இல்லை என்று நமது வாலிபர்கள் எண்ணிவிடுகிறார்கள்.

மற்றொரு ஷரத்தையும் கவனிக்க வேண்டும். வேலையை விட்டபின் ஒரு வருஷம், இரண்டு வருஷம் போட்டிக் கம்பெனி எதிலும் சேரக்கூடாது என்று பல ஒப்பந்தங்கள் தடை விதிக்கின்றன. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, ஒருவர் நியாயமான தொழிலொன்றைச் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை அந்த அளவுக்குச் செல்லாது. வேலையில் இருக்கும் காலத்துக்குக் கட்டுப்பாடு பொருந்தலாம். இரகசியங்களைக் காப்பாற்றும் கடமை பின்னரும் இருக்கலாம். ஆனால் வேலையை விட்ட பிறகு பிழைப்பையே தடுக்கும் ஷரத்தை நமது கோர்ட்டுகள் நிறைவேற்றிக் கொடுப்பதில்லை.

பழைய தொழிற்சட்டங்கள் 29-ஐ ஒன்றுசேர்த்து இயற்றப்பட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ல் அமுலுக்கு வந்தன. வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கும் ராஜீனாமா செய்தவருக்கும் சேரவேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று சம்பளத் தொகுப்பு கூறுகிறது. நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருஷ சேவைக்குப் பின் கிடைக்கும் பணிக்கொடை, குறித்த காலத்துக்கு நியமிக்கப்பட்டவருக்கு ஒரு வருஷ சேவைக்குப் பின்னரே கிடைக்கும்படி சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வழிசெய்திருக்கிறது.

இதன் மதிப்பைச் சிறிய கணக்கொன்றினால் விளக்குவோம். பணிக்கொடை, பூர்த்தியான ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து ஒருநாள் சம்பளம் காணப்படும். மாதம் ரூ.52,000 சம்பளம் பெறும் ஒருவருக்கு ஒருநாள் சம்பளம் ரூ.2,000, வருஷத்துக்கு ரூ.30,000, ஆறு வருஷத்துக்கு ரூ.1,80,000. இதனுடன் சேமநிதியில் முதலாளி செலுத்தவேண்டிய 12 சத விகிதத்தையும், பெண் ஊழியருக்கு முதலிரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்துடன் கூடிய விடுமுறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘ஆலோசகர்’ என்ற ஒரு சொல்லை எழுதுவதனால் எவ்வளவு பெரிய சொத்து கைமாறுகிறது என்பது அப்போது விளங்கும்.

சட்டத்தின் ஓட்டை

இவ்வளவு கூறியபின், நமது சட்டத்திலுள்ள குறையையும் மறைப்பது நேர்மையாகாது. சேமநிதிச் சட்டம் இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனத்துக்கே கட்டாயம். பணிக்கொடைக்கும், கடைகளிலும் ஆபீஸ்களிலும் பிரசவ உதவிக்கும் பத்துப் பேர் வேண்டும். அந்நியக் கம்பெனியோ சென்னையில் இருவரையும் ஓசூரில் ஒருவரையும் நாகர்கோவிலில் ஒருவரையும் வைத்துக்கொண்டு வேலை வாங்குகிறது. உலகம் முழுவதும் அதற்கு ஐந்நூறு பேர் இருக்கலாம். நமது நாட்டில் நால்வரே. இந்த நால்வரையும் ஊழியர்கள் என்று அது ஒப்புக்கொண்டாலும், எண்ணிக்கை போதாமையால் சட்டத்தின் பெரும்பகுதி அவர்களைத் தொடுவதில்லை. சேமநிதியிலே மனமுவந்து சேர்வதற்குச் சட்டம் இடங்கொடுக்கிறது என்பது உண்மையே. ஆனால் மனமுவந்து செலவை ஏற்றுக்கொள்ளும் முதலாளிகளை எந்த நாட்டிலும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

1947-ல் சட்டம் எழுதியவர்கள் கடையையும் ஆபீஸையும் மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினார்கள். கடைக்குக் கதவு உண்டு; கதவைத் தட்ட இன்ஸ்பெக்டர் உண்டு. நான்கு ஊழியர்களின் நான்கு வீடுகளில் எது ஸ்தாபனம்? பதிவு செய்யவேண்டியவர் யார்? சம்மன் எந்த விலாசத்துக்குச் செல்ல வேண்டும்? தொழிலாளர் கோர்ட்டில் தீர்ப்புப் பெற்றாலும், இங்கே ஒரு நாற்காலிகூட இல்லாத கம்பெனியிடமிருந்து பணத்தை வசூலிப்பது எங்ஙனம்? உரிமை ஏட்டிலே இருக்கிறது. அதைக் கைக்குக் கொண்டுவரும் வழி அடைபட்டிருக்கிறது. புதிய தொகுப்புகளும் இக்கதவைத் திறந்துவிட்டதாகக் கூறுவதற்கில்லை.

பிற தேசங்களின் வழக்கம்

இது நமக்கு மட்டும் உரிய பிரச்னையன்று. நமது கம்பெனிகளும் இன்று பிற தேசங்களில் ஆட்களை நியமிக்கின்றன. அங்கே அவை அந்நிய முதலாளிகள். நாம் பிறரிடம் எதிர்பார்க்கும் ஒழுங்கை நாமும் பிற தேசத்தாருக்குக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஜெர்மனியில் ஒருவரை வேலையிலிருந்து நீக்கும் கடிதம் காகிதத்தில் எழுதிக் கையொப்பமிட்டதாக இருக்க வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பிய நீக்கம் செல்லாது. ஆறு மாதம் சேவை செய்தவரை, பத்துப் பேருக்கு மேற்பட்ட ஸ்தாபனத்திலிருந்து நீக்குவதானால், சட்டம் ஒப்பும் காரணம் காட்ட வேண்டும். பிரேஸிலில் 1943-ம் வருஷத்துத் தொழிற்சட்டத் தொகுப்பு இன்னும் செல்வாக்குடன் விளங்குகிறது. அங்கே வருஷத்துக்குப் பதின்மூன்றாவது மாதச் சம்பளம் உண்டு. 30 நாள் விடுமுறைக்குச் சம்பளத்துடன் மூன்றில் ஒரு பங்கு அதிகமும் உண்டு. மாதந்தோறும் சம்பளத்தில் 8 சத விகிதத்தை ஊழியரின் பெயரில் முதலாளி டிபாசிட் செய்யவும் வேண்டும். பிலிப்பைன்ஸிலும் பதின்மூன்றாவது மாதச் சம்பளம் 1975 முதல் சட்டமாக இருக்கிறது. சென்னையில் எழுதிய ஒரே ஒப்பந்தத்தை இம்மூன்று தேசங்களுக்கும் அனுப்பிவைக்கும் முதலாளி, மூன்று தேசங்களிலும் வழக்குக்கு விதை விதைக்கிறார்.

ஐரோப்பிய யூனியன் இன்னொரு விதத்தில் முன்னே சென்றிருக்கிறது. ‘ரோமா-1’ என்று வழங்கும் 2008-ம் வருஷத்து விதிகளின்படி, ஒப்பந்தத்தில் எந்த நாட்டின் சட்டத்தை எழுதிக்கொண்டாலும், ஊழியர் வழக்கமாக வேலை செய்யும் நாட்டின் சட்டம் அவருக்கு அளிக்கும் கட்டாயமான பாதுகாப்பைப் பறிக்க முடியாது. ‘டெலவேர் சட்டம்’ என்று எழுதிவிட்டு பெர்லின் ஊழியரைக் கைகழுவிவிட முடியாது. நாம் கோருவதும் இந்த நியாயத்தையே.

அலட்சியத்துக்கு விலை உண்டு என்பதையும் நமது கம்பெனிகள் மறக்கலாகாது. குறுகிய காலப் பிரயாணத்துக்குரிய விசாவைக் கொண்டு அமெரிக்காவில் ஆட்களை வேலைக்கு அமர்த்தியதாக எழுந்த குற்றச்சாட்டை இன்போஸிஸ் கம்பெனி மறுத்தது. எனினும் 2013 அக்டோபரில் அந்நாட்டுச் சர்க்காருடன் சமரசம் செய்துகொண்டு 34 மில்லியன் டாலர் செலுத்த நேர்ந்தது. பெரிய கம்பெனிக்கு அது தாங்கக்கூடிய நஷ்டம். சிறிய கம்பெனியொன்று இத்தகைய சிக்கலில் அகப்பட்டால் தலை தூக்க முடியாது.

முதலாளிக்கும் நஷ்டம்

சட்டத்தை மதிப்பது தர்மத்துக்காக மட்டுமன்று. முதலாளியின் சுயநலத்துக்கும் அதுவே உகந்தது. ஓர் உதாரணம் காட்டுவோம். 1957-ம் வருஷத்து நமது காப்பிரைட் சட்டப்படி, ஊழியர் தம் வேலையின் போக்கில் ஆக்கும் படைப்புக்கு, வேறு உடன்படிக்கை இல்லாவிடில், முதலாளியே முதற் சொந்தக்காரர். கம்ப்யூட்டருக்கு எழுதும் புரோகிராமும் இதில் அடங்கும். ஆனால் ஆக்கியவர் ஊழியர் அல்லர், சுயேச்சைக் காண்டிராக்டரே என்றால், சொந்தம் அவரிடமே நிற்கும். எழுத்து மூலம் மாற்றிக் கொடுத்தாலன்றிக் கம்பெனிக்கு வராது. மாற்றிக் கொடுத்த பத்திரத்திலும் காலம் குறிக்காவிட்டால் ஐந்து வருஷம் என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கருதும். சேமநிதியை மிச்சப்படுத்தப் போய்ச் சரக்கின் சொந்தத்தையே சந்தேகத்துக்கு இடமாக்குவது எந்த வகையில் புத்திசாலித்தனம்?

அன்றியும், இங்கேயுள்ள ஒருவர் கம்பெனியின் பெயரால் வழக்கமாக வியாபார ஒப்பந்தங்களை முடித்து வந்தால், அக்கம்பெனிக்கு இந்தியாவில் நிலையான ஸ்தாபனம் இருப்பதாக வருமான வரி அதிகாரிகள் கொள்ளக்கூடும். பிறகு அந்த லாபத்துக்கு இங்கேயும் வரி செலுத்த வேண்டியதுதான். ஆபீஸ் இல்லை என்று கூறி ஊழியரைத் தட்டிக்கழிக்கலாம். வரி அதிகாரியைத் தட்டிக்கழிப்பது அவ்வளவு எளிதன்று.

நடுவில் நிற்கும் கம்பெனி

இச்சங்கடத்துக்குப் பரிகாரமாக அண்மைக் காலத்தில் ஒரு புது வியாபாரம் தோன்றியிருக்கிறது. உள்நாட்டில் பதிவான ஒரு கம்பெனி, அந்நியக் கம்பெனிக்காக ஊழியரைத் தன் பெயரில் நியமித்துக்கொள்கிறது. சம்பளப் பட்டியல், சேமநிதி, வரி முதலியவற்றை அதுவே கவனிக்கிறது. வேலை வாங்குவது மட்டும் அந்நியக் கம்பெனி. அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் கட்டணம். நால்வருக்காக ஒரு கிளையைத் திறக்க இயலாத சிறு கம்பெனிக்கு இது உதவியாக இருக்கிறது. ஊழியருக்கும் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு ஆகியவை கிடைக்கின்றன. அந்த அளவுக்கு இதனை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் இடைத்தரகரின் வரலாறு நமக்குப் பழக்கமானது. தோட்டத்துக்கு ஆள் திரட்டிய கங்காணியும் தொழிலாளிக்கு உதவி செய்வதாகவே சொல்லிக்கொண்டார். வேலையை நீக்கும் நாளிலே, ‘நான் சம்பளம் கொடுப்பவன் மட்டும், முடிவு அங்கே செய்யப்பட்டது’ என்று நடுக்கம்பெனி கூறும், ‘எங்களுக்கும் உமக்கும் ஒப்பந்தமே இல்லை’ என்று அந்நியக் கம்பெனி கூறும். ஊழியர் இருவருக்கும் நடுவே நிற்பார். ஜெர்மனி இந்த அபாயத்தை உணர்ந்து, ஆட்களை இரவல் கொடுக்கும் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டுமென்றும், ஒருவரை ஒரே இடத்துக்குச் சாதாரணமாகப் பதினெட்டு மாதத்துக்கு மேல் இரவல் கொடுக்கலாகாது என்றும் விதித்திருக்கிறது. நமது சுப்ரீம் கோர்ட்டும் 2001-ம் வருஷத்து ஸ்டீல் அதாரிட்டி வழக்கில், காண்டிராக்ட் வெறும் வேஷமென்று நிரூபணமானால் அத்தொழிலாளர் உண்மை முதலாளியின் ஊழியர்களாகவே கருதப்படுவர் என்று கூறியிருக்கிறது. நடுக்கம்பெனிகள் இத்தீர்ப்பை மனத்தில் வைத்துக்கொள்வது நலம்.

ஆட்சேபங்களுக்குப் பதில்

‘இவ்வளவு நிபந்தனை விதித்தால் அந்நியக் கம்பெனிகள் நமது நாட்டைவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விடும், கிடைத்த வேலையும் போகும்’ என்பது முதல் ஆட்சேபம். இதை நாம் அலட்சியம் செய்யவில்லை. வேலையின்றி இருப்பவருக்கு உரிமையைப் பற்றிய உபதேசம் பசியைத் தீர்க்காது. ஆனால் அக்கம்பெனிகள் நமது வாலிபர்களைத் தேடி வருவது அவர்களுடைய திறமைக்காகவும், சம்பள வித்தியாசத்துக்காகவுமே. கலிபோர்னியாவில் ஒருவருக்குக் கொடுப்பதில் சிறு பங்கே இங்கே கொடுக்கும் கம்பெனி, சேமநிதிக்கும் பணிக்கொடைக்கும் பயந்து ஓடிவிடும் என்பது நம்பத்தக்கதன்று. எந்தச் சட்டம் பொருந்தும் என்று தெரியாத குழப்பமும், பதிவு செய்வதிலுள்ள அலைச்சலுமே அவர்களைப் பெரிதும் அச்சுறுத்துகின்றன. அவ்விரண்டையும் நீக்குவது சர்க்காரின் கையில் இருக்கிறது.

‘ஆலோசகராக இருப்பதில் ஊழியருக்கே லாபம்’ என்பது இரண்டாவது ஆட்சேபம். சேமநிதிப் பிடித்தம் இல்லை; குறிப்பிட்ட சில தொழில்களைச் சேர்ந்தோர் வரவில் பாதியையே வருமானமாகக் காட்டி வரி செலுத்தவும் சட்டம் இடங்கொடுக்கிறது; ஆகவே கையில் அதிகப் பணம் வருகிறது. உண்மைதான். பலருக்கு வேலை செய்து, தம் விலையைத் தாமே பேசி, தம் நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் சுயேச்சைத் தொழிலாளருக்கு அது முற்றிலும் பொருத்தமான வழி. அவர்களை ஊழியராக்கும்படி நாம் கேட்கவில்லை. ஆனால் ஒரே கம்பெனிக்கு, அதன் கட்டளைப்படி, வருஷக்கணக்கில் உழைப்பவர் அத்தகையவர் அல்லர். அவர் இன்று அதிகமாகப் பெறும் தொகை, நாளை நோய் வந்தாலும், பிரசவம் வந்தாலும், வேலை போனாலும் தாமே சமாளிப்பதற்காகக் கொடுக்கப்படும் விலை. அந்த விலை போதுமானதா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கணக்குப் பார்ப்பவர் சிலரே.

செய்யவேண்டியது

சர்க்கார் செய்யவேண்டியவை நான்கு என்பது நமது கருத்து. முதலாவது, நமது நாட்டில் ஒருவரையேனும் வழக்கமாக வேலைக்கு வைத்துக்கொள்ளும் அந்நியக் கம்பெனி, கிளை திறக்காமலே, ஒரே விண்ணப்பத்தின் மூலம் முதலாளியாகப் பதிவு செய்துகொள்ள வழி ஏற்பட வேண்டும். சம்மன் பெற்றுக்கொள்ளும் அதிகாரமுள்ள பிரதிநிதி ஒருவரை அது இங்கே நியமிக்க வேண்டும். இரண்டாவது, சேமநிதி, பணிக்கொடை முதலியவற்றுக்கு ஆட்களை எண்ணும்போது, அந்நியக் கம்பெனியின் உலகளாவிய எண்ணிக்கையைக் கணக்கில் கொள்ள வேண்டும். மூன்றாவது, ஒப்பந்தத்தில் எந்தச் சட்டத்தை எழுதினாலும், இந்தியாவில் வழக்கமாக வேலை செய்பவருக்கு இந்தியச் சட்டத்தின் பாதுகாப்பு குறையாது என்று ஐரோப்பாவில் இருப்பதுபோன்ற தெளிவான விதியை இயற்ற வேண்டும். நான்காவது, நடுக்கம்பெனிகளுக்கு லைசென்ஸ் முறையை ஏற்படுத்தி, ஊழியருக்குச் சேரவேண்டிய தொகைக்கு இரு கம்பெனிகளையும் கூட்டாகப் பொறுப்பாக்க வேண்டும்.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஆலை வாயிலிலே கூட்டம் போட்டுப் பழகியவர்கள், வாயிலே இல்லாத வேலைக்கு எப்படிச் சங்கம் அமைப்பது என்று யோசிக்க வேண்டும். ஒப்பந்தங்களைப் படித்து விளக்கிச் சொல்லும் உதவிச் சாலை ஒன்று ஒவ்வொரு பெரிய நகரத்திலும் ஏற்பட்டால், அதுவே பெரிய தொண்டாகும். வாலிபர்களுக்கு நாம் கூறுவது இதுதான்: கையெழுத்திடுமுன் படியுங்கள். நியமனக் கடிதம் கேளுங்கள். வேலை சம்பந்தமான கட்டளைகள், விடுமுறை அநுமதிகள், சம்பள விவரங்கள் யாவற்றையும் பத்திரப்படுத்தி வையுங்கள். பெயர் எதுவாயினும் உண்மை எது என்பதை நாளை நிரூபிக்கப் போகிறவை அவையே.

நமது சொந்த முதலாளிகளுக்கும் அதே சொல்லைக் கூறி முடிக்கிறோம். போலந்திலோ வியட்நாமிலோ ஒரு பெண்ணை வேலைக்கு அமர்த்தும் தமிழ்நாட்டுக் கம்பெனி, அந்நாட்டுச் சட்டத்தைத் தன் நாட்டுச் சட்டமாகவே பாவித்து நடக்க வேண்டும். பிறர் மண்ணில் நாம் காட்டாத மரியாதையை நமது மண்ணில் பிறரிடம் கேட்பதற்கு நமக்கு வாயில்லை. உழைப்பு எந்த மண்ணில் நடக்கிறதோ அந்த மண்ணின் சட்டமே உழைப்பவருக்கு அரண்.